பற்பொடி டப்பாவில் பதினொரு விநாடி

2022 நவம்பர் 9, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். தூறல். வாடைக் காற்று பலமாக இருந்ததால் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் இரண்டு நாளாக ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. குசினியில் அக்கா எனக்குக் காப்பி ஊற்றினாள். காப்பி டம்ளருக்கு இரண்டு விரல் தள்ளி மேசைமேல் விழுந்தது. நான் துணி எடுக்கத் திரும்பினேன்.

“ஏலே, அங்கனயே நில்லு,” என்றாள்.

நின்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

“உன் காது ரெண்டும் தெரியுது. மூஞ்சியக் காணும்.”

“மழை மூட்டம்க்கா. வெளிச்சம் பத்தல.”

“வெளிச்சம் பத்தலன்னா காது மட்டும் எப்படித் தெரியும்? பெரிய கணக்குப்பிள்ளைன்னு பேரு.”

அக்காவுக்கு எண்பத்து மூன்று, எனக்கு எழுபத்தேழு. வீட்டில் நாங்கள் இருவர்தான். என் மனைவி போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. நாலு கோடு நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். வேலை முடிந்தும் எண்ணுவது நிற்கவில்லை. மாடிக்குப் படி பதினான்கு. கோயில் வாசலுக்கு என் நடையில் நானூற்றுப் பன்னிரண்டு அடி; முழங்கால் வலி அதிகமான பிறகு நானூற்று எழுபது ஆகிவிட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்பதால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு இடது கண் இரண்டு வருடம் முன்பே போய்விட்டது. இப்போது வலது கண். வெள்ளிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டார். ஊசி கேட்டால் கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்கும், கேட்காவிட்டால் நாள் சொல்ல முடியாது, முழுக்க இருட்டாகிவிடாது, நடுப்பக்கம் மட்டும் போகும், ஓரம் இருக்கும் என்றார். பிறகு அக்காவிடம் குனிந்து, “பாக்க வேண்டியவங்க, பாக்க வேண்டிய எடம் ஏதாவது இருந்தா தள்ளிப் போடாதீங்கம்மா,” என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது, மீன் மார்க்கெட் முக்கில் நெரிசலில் நின்றபோது, அக்கா சொன்னாள்: “எனக்கு அப்பாவப் பாக்கணும்.”

“படம் சுவத்துல இருக்குல்லாக்கா.”

“அது செத்த பொறவு மாலை போட்ட படம். ஆக்டு குடுத்த படத்தச் சொல்லுதேன். சிலுவ போட்டாருல்லா, அது.”

எழுபது வருடமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, அப்படியே பழகிவிட்டது.

அப்பா சினிமாவில் துணைப் பாத்திரங்களில் நடித்தவர். இருபத்தொன்பது படங்கள் என்பது என் கணக்கு. காவல்காரன் ஒன்பது, வட்டிக்காரர் ஐந்து, வைத்தியர் நாலு, ஊர்ப் பெரியவர் நாலு, அமைச்சர் மூன்று, பிச்சைக்காரன் இரண்டு, பிணம் ஒன்று, ஓடக்காரன் ஒன்று. எழுத்தில் பெயர் போட்டது ஆறு படத்தில். ஐந்து படத்தில் அறை வாங்கியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால் இரண்டு மணி நேரம் தேறாது.

அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். அப்பாவுக்குத் தண்ணீருக்குள் மூச்சடக்க வராது, ஆனால் குரல் பெரியது. தவக்காலத்தில் எங்கள் கோயில் மைதானத்தில் நடக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகத்தில் ஏழு வருடம் அவர்தான் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து. கையைக் கழுவிவிட்டு அவர் சொல்லும் ஒரு வரி கடைசி வரிசையில் வலை பின்னிக்கொண்டிருப்பவனுக்கும் கேட்கும் என்பார்கள். ஒரு வருடம் நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். அப்பா கம்பெனியோடு போனார். அங்கிருந்து சென்னை. அப்போது அக்காவுக்கு ஐந்து வயது, நான் அம்மா வயிற்றில்.

படங்கள் வர ஆரம்பித்தன. எனக்கு இரண்டு வயது இருக்கும்போது அப்பா நடித்த படம் ஒன்று முதல்முறையாகத் தூத்துக்குடிக்கு வந்தது. அம்மா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, எங்கள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தெருப் பெண்கள் ஆறு பேருடன் போனாள். ஒன்றரை மணி நேரம் அப்பா வரவில்லை. பிறகு வந்தார், பாடையில். அந்தப் படத்தில் அவருக்குப் பிணமாகக் கிடப்பது மட்டும்தான் வேஷம். யாரோ ஒருத்தி மேலே விழுந்து அழுது தாலியைக் கழற்றினாள். அம்மா பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டாள். இழவு வீட்டுக்குப் போய்வந்தவள் போலக் கிணற்றடியில் தலைமுழுகினாள். ஈரத்தோடு அக்காவை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, தியேட்டர் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். நான் கைக்குழந்தை என்பதால் என்னைச் சேர்க்கவில்லை. அதனால் வளர்ந்தபிறகு பதினேழு படங்களை நான் பார்த்தேன். அக்கா ஒன்றும் பார்க்கவில்லை. பின்னாளில் தொலைக்காட்சியில் பழைய படம் ஓடினால் அவள் குசினிக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவாள். கழுவ ஒன்றும் இல்லாவிட்டால் கழுவியதையே கழுவுவாள்.

ஆட்டோவில் இதை ஞாபகப்படுத்தினேன். “அம்மாட்ட சத்தியம் பண்ணிருக்கல்லா.”

“தியேட்டர் வாசல மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். நீ வீட்டுக்குக் கொண்டு வந்தா நான் என்ன செய்ய?”

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார்.

“போன்ல ஒண்ணு கெடைக்கும்க்கா. காவல்காரனா வாராரு. நல்லாத் தெரியும்.”

“வேல் கம்பு பிடிச்சு நிக்குத மனுசன எனக்கெதுக்கு? அவரு எதுக்குப் போனாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. எதனால வந்தாருன்னாவது பாக்கணும்.”

அவர் எதனால் வந்தார் என்பது இந்தக் கரை முழுக்கத் தெரிந்த விஷயம்.

எனக்கு ஏழு வயதில் வந்த படம் அது. புராணப் படம். நாடிழந்த இளவரசனை ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரன் அப்பா. நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். பேச்சு மூன்று வரி. சென்னைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஏரியில் எடுத்தார்களாம். படகைத் தள்ளுவதற்கு முன் அப்பா குனிந்து வலது கையைத் தண்ணீரில் நனைத்தார். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று சிலுவை அடையாளம் போட்டார். விரலை உதட்டில் வைத்து முத்திக்கொண்டு படகைத் தள்ளினார். எங்கள் கரையில் எந்த ஆணும் இதைச் செய்யாமல் வள்ளத்தைத் தொடமாட்டான். யோசித்துச் செய்வதில்லை. கால் தண்ணீரில் பட்டால் கை தானாகப் போகும்.

படம் எடுத்த இடத்தில் இருந்த நூறு பேரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் இளவரசன் மேல். டைரக்டர் சரி என்று சொல்லிவிட்டார். படம் பல ஊர்களில் ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. கவனித்தது தூத்துக்குடிதான். முதல் நாள் இரண்டாவது ஆட்டத்தில் தரை டிக்கெட்டில் இருந்த எங்கள் ஆட்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். “ஏலே, நம்மாளு சிலுவ போடுதாம்லே” என்று ஒருவன் கத்தினானாம். மறுநாள் கோயில் திருவிழாவுக்குப் போவதுபோல் குடும்பத்தோடு போனார்கள். அந்த இடம் வரும்போது கொட்டகையே எழுந்து சிலுவை போட்டது. நான்காம் நாள் விநியோகஸ்தர் என்ன கலாட்டா என்று வந்து பார்த்தார். அவர் சென்னைக்குச் சொன்னார். சென்னையில் சிரித்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள். எல்லாப் பிரதியிலும் அந்தத் துண்டை வெட்டிவிடச் சொல்லிக் கடிதம் போயிற்று. அன்றைக்குப் பாதிப் படங்கள் புராணப் படங்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் பிறகு அப்பாவைக் கூப்பிடவில்லை. அதற்கு முன் வருடத்துக்கு நாலைந்து படம் செய்தவருக்கு அடுத்த மூன்று வருடத்தில் மொத்தம் நாலு. எனக்குப் பத்து வயதில் ஒரு தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். உப்புக் கிட்டங்கியில் எடை பார்க்கும் வேலைக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தில் ‘ஞானஸ்நானம் வாங்குன ஓடக்காரன் மவன்’ ஆனேன்.

ஒரே ஒருமுறை நான் கேட்டேன். தராசில் மூட்டையை வைத்துக்கொண்டே சொன்னார்: “கேமராவ மறந்துட்டேன். தண்ணியப் பாத்தேன்.” அடுத்த மூட்டையை இழுத்தார். எனக்கு இருபத்துநாலு வயதில் அவர் இறந்தார்.

ஆட்டோ நகர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

“அவரு திரும்பி வரணும்னு நான் வேண்டிக்கிட்டேம்லே. எட்டாவதோட பள்ளிக்கூடத்த நிறுத்தி என்னத் தையலுக்கு விட்டாவல்லா, அப்ப. தெனம் மாதா கோயிலுக்குப் போயி, எப்படியாவது அந்தப் பொழப்பு இல்லாம ஆக்கி வீட்டுக்கு அனுப்பிரும்மான்னு. அந்த வருசந்தான் படம் வந்துச்சு. நான் வேண்டித்தான் அவரு கை அப்படிப் போச்சோன்னு இருக்கு. பாத்தாத் தெரியும். தானாப் போட்ட கையா, யாரோ பிடிச்சு இழுத்த கையான்னு.”

எழுபது வருடம் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்போது ஒரு கண்ணில் ஒன்றரை மாதம் இருந்தது. அதுவும் உத்தரவாதமில்லை. ஆனால் ஊசி கொஞ்சம் கேட்டது; ஞாயிற்றுக்கிழமை என் மூஞ்சி மறுபடி தெரிகிறது என்றாள்.

அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும். என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வெற்றிலை வாங்க ஆத்தூர் போனபோது அங்கே கடைக்காரர் ஒருவர் என் ஊரைக் கேட்டுவிட்டுச் சொன்னார். அவருடைய அப்பா டூரிங் டாக்கீஸ் வைத்திருந்தவர். வெட்டச் சொல்லிக் கடிதம் வந்தது, வெட்டினார். ஆனால் புன்னைக்காயலிலும் மணப்பாட்டிலும் கொட்டகை போட்டபோது, அந்த இடம் இல்லாவிட்டால் படம் வேண்டாம் என்று சனங்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் கடற்கரை ஊர் என்றால் துண்டை ஒட்டுவார். சாத்தான்குளம், ஸ்ரீவைகுண்டம் என்று உள்ளே போனால் வெட்டி எடுத்துவிடுவார். ஒட்டுவதும் வெட்டுவதுமாக நாலு வருடம் ஓட்டியிருக்கிறார். எடுத்த துண்டை ஒரு பற்பொடி டப்பாவில் போட்டு வைப்பார். அது இன்னும் இருக்கிறது என்றார் கடைக்காரர். அந்த ஓடக்காரரின் மகன் நான்தான் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. பத்துக் கவுளி வெற்றிலையை எண்ணி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை, பதினான்காம் தேதி, கார் வைத்துக்கொண்டு போனேன். பழையகாயல், முக்காணி பாலம் தாண்டி ஆத்தூர். வேகத்தடை இருபத்துமூன்று. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னேன்.

“அட, அவுக மகனா நீரு? அன்னைக்கே சொல்லிருந்தா வெத்தலைக்குத் துட்டு வாங்கிருக்க மாட்டேனே அண்ணாச்சி.”

“அதனாலதான் சொல்லல அண்ணாச்சி,” என்றேன்.

பெரிய ரீல்களைக் காட்டினார். கருப்பட்டி வட்டு மாதிரி ஒட்டி இறுகி, புளித்த வாடை அடித்தது. ஒன்றுக்கும் ஆகாது. டப்பாவைத் திறந்தார். இலவங்க வாசனை. உள்ளே இருந்த சுருள் மட்டும் பிரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். நகத்தளவு கட்டங்களில் ஒரு ஆள் குனிந்துகொண்டிருந்தான்.

“வெலைக்குத் தரமாட்டேன்,” என்றார். “எங்கய்யா கைபட்டது. கொண்டு போயி உங்கக்காவுக்குக் காட்டிட்டுக் கொண்டாங்க.”

“எத்தனை கட்டம் இருக்குன்னு எண்ணி ரசீது எழுதிருவோம்.”

“என்னத்துக்கு அண்ணாச்சி? உங்கப்பாவ நீங்களா களவாங்கப் போறீய?”

நான் கேட்கவில்லை. எண்ணிவிட்டுப் போனில் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வழிக்குக் கொஞ்சம் வெற்றிலை கொடுத்தார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், கரைத் தரப்பில் ஒருவர் எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாமல் ஒரு மூட்டைகூட வாசலைத் தாண்டக்கூடாது. வித்தியாசம் வந்தால் மறுபடி எண்ண வேண்டும். பிலிமை டிவியில் ஓடுகிற மாதிரி மாற்றித் தர வீடியோ கடையில் கொடுப்பதற்கு முன் அதில் எத்தனை கட்டம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கடைக்காரன் இரண்டைக் கிழித்துவிட்டு, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றால் ஆத்தூர்க்காரருக்கு யார் பதில் சொல்வது? இதை நான் நியாயமாகத்தான் யோசித்தேன். இப்போதும் அதில் தப்பு எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

முதல் நாள் எண்ணினேன், இருநூற்று அறுபத்தொன்று. மறுநாள் கரைத் தரப்பு கணக்கு, அதையும் நான்தான் எண்ண வேண்டும், இருநூற்று அறுபத்துநாலு. ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். மூன்றாம் நாள் இருநூற்று அறுபத்திரண்டு. பல தடவை ஒட்டி வெட்டியதில் இரண்டு ஓரத்திலும் அரைக் கட்டங்கள் இருந்தன. அரையை ஒன்றாக எடுப்பதா விடுவதா என்று குழப்பம். ஒரு கட்டத்துக்குப் பக்கவாட்டில் நாலு ஓட்டை. சரி, ஓட்டையை எண்ணி நாலால் வகுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஆயிரத்து நாற்பத்தாறு வந்தது. நாலால் வகுத்தால் அரை மிஞ்சியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. வெளியே மழை. கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது.

அக்கா எதிர் நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் மட்டும், “எம்புட்டு வந்துச்சு?” என்றாள்.

“ஒத்து வரல.”

“ம்.”

எட்டாவது நாள், இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, அடுத்தடுத்து இரண்டு முறை இருநூற்று அறுபத்திரண்டு வந்தது. ஆத்தூருக்குப் போன் செய்து சொன்னேன். “சரி அண்ணாச்சி, எழுதிக்கிட்டேன்,” என்றார். அவர் எழுதவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

புதன்கிழமை வீடியோ கடைக்குப் போனேன். முன்பு கேசட் வாடகைக்கு விட்டவர், இப்போது கல்யாண வீடு எடுக்கிறார். சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “மெஷின்ல போட்டா நொறுங்கிரும் சார். கீழ லைட்ட வச்சு ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து ஒட்டணும். ஆறு நாளாகும். சத்தம் வராது,” என்றார்.

“மொத்தம் இருநூத்தி அறுவத்திரெண்டு.”

“எண்ணிட்டீங்களா சார்? ஏன், நான் எடுக்கும்போது நம்பரு தானா விழுந்துருமே.”

ரசீதில் அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

இருபத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை, மாலை நாலரை மணி. மழை விட்டிருந்தது. வீடியோ கடைக்காரரே வீட்டுக்கு வந்து தொலைக்காட்சியில் பென்டிரைவைச் செருகினார். அக்கா வெள்ளைச் சேலை உடுத்தி, தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள், பூசைக்குப் போவதுபோல. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படம் ஓடியது. கரை, ஒரு படகு, முதுகு காட்டிய இளவரசன். அப்பா இடமிருந்து வந்தார். நாற்பது வயது அப்பா. என்னைவிட முப்பத்தேழு வயது சின்னவர். குனிந்தார், கையை நனைத்தார், போட்டார், முத்தினார், தள்ளினார். முடிந்துவிட்டது. பதினொரு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா தொலைக்காட்சியைப் பார்க்கவே இல்லை. அதற்கு மேலே இடது பக்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இங்கன. டிவியப் பாரு.”

“பேசாம இருலே. இன்னொரு தடவ போடச் சொல்லு.”

மறுபடியும் ஓடியது. மறுபடியும் கடிகாரம்.

“நேராப் பாத்தா அவரக் காணும்,” என்றாள். “கடியாரத்தப் பாத்தாத்தான் கீழ ஓரத்துல வாராரு.”

நடுப்பக்கம் போகும், ஓரம் இருக்கும் என்று டாக்டர் சொன்னது இதுதான்.

“எப்பலேருந்துக்கா?”

“அது ஆச்சு. போன ஞாயித்துக்கிழமைக்கு மொத ஞாயிறு. சாயங்காலப் பூசையில சாமியார் மூஞ்சி போயிருச்சு.”

இருபதாம் தேதி. அன்று நான் ஆறாவது முறை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்காம் தேதி மாலையே கடையில் கொடுத்திருந்தால் இருபதாம் தேதி காலையில் நேராகப் பார்த்திருப்பாள்.

“ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?”

“நீ எண்ணிக்கிட்டு இருந்த. இடையில பேசுனா தப்பிப்போகும்லா.”

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்க்காமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம், “தம்பி, இன்னும் ஒரே ஒரு தடவ. கொஞ்சம் மெதுவா ஓட்ட முடியுமா?” என்றாள். அவர் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடியே, மடியில் இருந்த வலது கையால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள்.

“நாலு,” என்றாள். “நெத்தி, நெஞ்சு, தோளு ரெண்டு. பொறவு முத்தம். நாலும் ஒழுங்கா விழுது. வேற யாராவது பிடிச்சு இழுத்த கைன்னா பதறும், மூணோட நின்னுரும். இது அவரு கைதான். பழக்கத்துல போட்டது.”

“மூஞ்சி தெரிஞ்சதாக்கா?”

“மூஞ்சி எதுக்கு? அதான் சுவத்துல இருக்கே.”

முக்காட்டை எடுத்து மடித்து வைத்தாள். கடைக்காரருக்குக் காப்பி போட எழுந்தாள். நான் போடுகிறேன் என்றேன், விடவில்லை. டம்ளரின் விளிம்பில் இடது கைவிரலை வைத்துக்கொண்டு ஊற்றினாள். ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. எப்போது இதைப் பழகினாள் என்று தெரியவில்லை. அடுத்த ஊசிக்கு நாள் குறித்திருந்தது. வேண்டாம் என்றாள். நான் இரண்டு நாள் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

டிசம்பர் இரண்டாம் தேதி டப்பாவை ஆத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமலே அலமாரியில் வைத்தார். உங்கக்கா பார்த்தார்களா என்று கேட்டார். பார்த்தார்கள் என்றேன். ஊசி, டாக்டர், ஆட்டோ, இரண்டு தடவை ஆத்தூருக்குக் கார், பூதக்கண்ணாடி, வீடியோ கடை, பென்டிரைவ், எல்லாவற்றையும் அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து கூட்டினேன். ஒருமுறைதான் கூட்டினேன், சரிபார்க்கவில்லை. ரூபாய் இருபத்தொன்பதாயிரத்து நானூற்று இருபது.